எக்ஸ்ரே நார்மல் என்றார்கள், ஸ்கேனும் வேண்டுமா?

ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பத்தொன்பது வயதில் சிகரெட் பிடிக்க ஆரம்பித்தவர். முதல் பதினைந்து வருடம் நாளுக்கு ஒரு பாக்கெட், அடுத்த பதினெட்டு வருடம் இரண்டு பாக்கெட். அவர் வாங்கிய பாக்கெட்டில் பத்து சிகரெட். ஐம்பத்திரண்டு வயதில் நிறுத்தினார். நடுவே முப்பது வயதில் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். போன மாதம், கூட வேலை பார்த்த நண்பருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது எலும்பு வரை போயிருந்தது. அந்தப் பயத்தில் இவர் மார்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். ‘வலது மேல் பகுதியில் பழைய தழும்பு, மற்றபடி நார்மல்’ என்று ரிப்போர்ட்.

மனைவி, இதோடு விடுங்கள் என்கிறார். மகள், உடம்பு முழுக்க ஸ்கேனும் ரத்தத்தில் கேன்சர் மார்க்கரும் சேர்ந்த ஒரு பேக்கேஜைப் பார்த்து வைத்திருக்கிறார். இவருக்கோ, ஸ்கேனில் ஏதாவது தெரிந்து ஊசி போட்டுச் சதை எடுத்தால், சும்மா கிடப்பதும் பரவிவிடுமே என்ற கவலை. புகைபிடித்த அளவுக்கு ஏதோ கணக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தானே போட்டுப் பார்த்ததில் 51 வந்து, தூக்கம் போயிருக்கிறது. ‘விட்டு ஆறு வருடம் ஆகிறதே, இந்நேரம் நுரையீரல் சுத்தமாகியிருக்காதா?’ என்றும் கேட்கிறார்.

கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி தனியாக இருக்கிறது. ‘ரெண்டு மாசமாகக் குரல் கம்மிக்கொண்டே இருக்கிறது, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போல. இன்னொன்று, வாரத்துக்கு ஒன்றிரண்டு சிகரெட் இன்னும் உண்டு, வீட்டில் தெரியாது.’

நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, அந்த இரண்டு வரியில்தான் நின்றேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குரலை முதலில் பாருங்கள்

நீங்கள் கேட்பது ஸ்கிரீனிங் பற்றி. ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு, ‘எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்று செய்வது. தொந்தரவு ஒன்று வந்துவிட்டால் அது ஸ்கிரீனிங் இல்லை. காரணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை. இரண்டுக்கும் போகிற டாக்டரும் வேறு, எடுக்கிற ஸ்கேனும் வேறாக இருக்கலாம்.

குரல் கம்முவதற்குச் சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. வயிற்று அமிலம் மேலே ஏறுவது, சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பது, புகையால் குரல் நாண் தடித்துப்போவது. நூறு பேரில் பெரும்பாலானோருக்கு இப்படி ஒன்றுதான் இருக்கும். ஆனால் முப்பத்து மூன்று வருடம் புகைபிடித்த ஒருவருக்குக் குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தால், பார்க்காமல் ஏசியின் மீது பழி போடக் கூடாது. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று குரல்வளை. அங்கே வரும் புற்றுநோயும் புகையோடு நெருங்கிய தொடர்புள்ளது. குரல் நாணில் வந்தால் ஆரம்பத்திலேயே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் நன்றாகவே குணமாகும். இன்னொன்று மார்பு. குரலுக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இடது குரல் நாணை அசைக்கிற நரம்பு கழுத்தோடு நின்றுவிடுவதில்லை. மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் வளைவுக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேலே ஏறித்தான் குரல்வளைக்கு வருகிறது. அந்த வளைவுக்குப் பக்கத்தில் ஏதாவது வளர்ந்து நரம்பை அழுத்தினால் குரல் கம்மும். எக்ஸ்ரேயில் அந்த இடம் இதயத்தின் நிழலோடும் ரத்தக்குழாய்களின் நிழலோடும் கலந்து நிற்பதால், ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட் இந்த விஷயத்தில் முழு உத்தரவாதம் ஆகாது.

அதனால் இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, இரண்டு குரல் நாணும் ஒழுங்காக அசைகிறதா என்று பார்ப்பார். சில நிமிட வேலை. மயக்க மருந்து வேண்டாம். ஒரு பக்கம் அசையவில்லை என்றால் கழுத்து முதல் மார்பு வரை, ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் முழு சி.டி. தேவைப்படும். ஸ்கிரீனிங்குக்கு எடுக்கும் குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் அதற்குப் போதாது. மகள் பார்த்து வைத்திருக்கும் பேக்கேஜுக்கு நேராகப் போயிருந்தால், குரல் நாணை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, பழைய இருமலின் தன்மை மாறுவது, தோளிலோ மார்பிலோ விடாத வலி, படியேறினால் புதிதாக மூச்சு வாங்குவது, இவற்றுக்கும் இதே பேச்சுதான்.

குரல் விஷயம் சாதாரணமானது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

51 இல்லை, 25.5

நீங்கள் போட்ட கணக்குக்குப் பாக்கெட் ஆண்டு என்று பெயர். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்பதை எத்தனை வருடம் என்பதால் பெருக்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பாக்கெட் என்றால் 20 சிகரெட். உங்கள் பாக்கெட்டில் பத்து. ஆக முதல் பதினைந்து வருடத்துக்கு 7.5, அடுத்த பதினெட்டு வருடத்துக்கு 18, மொத்தம் 25.5. பாதியாகிவிட்டது. இன்று கொஞ்சம் தூங்கலாம்.

இந்தக் கணக்கு எப்போதுமே தோராயம்தான். என் எதிரே உட்காருகிறவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் சொல்வது, “அதிகமில்லை டாக்டர், அஞ்சாறு இருக்கும்.” அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மனைவி சத்தமில்லாமல் இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டி, மடக்கி, மறுபடி விரிப்பார். நான் இருபது என்று எழுதிக்கொள்வேன்.

25.5 என்பது, யாருக்கு ஸ்கிரீனிங் ஸ்கேன் எடுக்கலாம் என்று பிரிக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிற எண். அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2013-இல் 30 பாக்கெட் ஆண்டு என்று வைத்திருந்ததை 2021-இல் 20 ஆகக் குறைத்தது. வயது 50 முதல் 80 வரை, இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருடம் ஆகாதவர், வருடத்துக்கு ஒரு ஸ்கேன். அதன்படி நீங்கள் உள்ளே. தென் கொரியா 2019-இல் தொடங்கிய திட்டமும், ஆஸ்திரேலியா 2025 ஜூலையில் தொடங்கிய திட்டமும் 30 கேட்கின்றன. இரண்டு வருடத்துக்கு ஒரு ஸ்கேன். அங்கே நீங்கள் வெளியே. எந்த நாடு சரி என்று கேட்காதீர்கள். ஆபத்து ஒரு எண்ணில் திடீரென்று தொடங்குவதில்லை. கோட்டை எங்கே போடுவது என்பது, எத்தனை பேரைப் பரிசோதிக்க ஒரு நாட்டால் முடியும் என்பதையும் பொறுத்தது. உங்களுக்கு ஸ்கேன் எடுப்பது அநாவசியம் என்று எந்த நுரையீரல் மருத்துவரும் சொல்ல மாட்டார். எடுத்தே தீர வேண்டும் என்று அடித்துச் சொல்லவும் மாட்டார்.

எக்ஸ்ரே ஏன் போதாது

உங்கள் மனைவி சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், வருடா வருடம் மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் நுரையீரல் புற்றுநோயால் இறந்த விகிதத்தில் வித்தியாசமே இல்லை. இந்த முடிவு 2011-இல் வந்தது. விலா எலும்புக்கும் இதயத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னக் கட்டி எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. தெரிகிற அளவுக்கு வளர்ந்த பிறகு பல சமயம் அது வேறு இடத்துக்கும் போயிருக்கும். உங்கள் எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அதனால் பார்க்க முடிந்தது அவ்வளவுதான்.

ஸ்கேன் தருவதும், பதிலுக்குக் கேட்பதும்

அதே 2011-இல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வின் முடிவும் வந்தது. 55 முதல் 74 வயது வரை, 30 பாக்கெட் ஆண்டுக்குக் குறையாமல் புகைத்த 53,454 பேர். பாதிப் பேருக்கு வருடம் ஒன்றாக மூன்று முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி., மீதிப் பேருக்கு எக்ஸ்ரே. சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. 2020-இல் வெளியான, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த நெல்சன் ஆய்வில், பத்து வருடத்தில் ஆண்களிடையே 24 சதவீதம் குறைவு.

சதவீதம் கொஞ்சம் மயக்கும். ஆயிரம் பேராக வைத்துப் பார்ப்போம். அமெரிக்க ஆய்வில், எக்ஸ்ரே எடுத்த ஆயிரத்தில் சுமார் 21 பேர் ஆறேழு வருடத்துக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள். சி.டி. எடுத்த ஆயிரத்தில் சுமார் 18. மூன்று உயிர். சின்ன எண் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மீதி 18 பேர் ஸ்கேன் எடுத்தும் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், அந்த ஆயிரத்தில் சுமார் 365 பேருக்கு ஒருமுறையாவது ‘ஏதோ தெரிகிறது’ என்று சொல்லி, கடைசியில் அது புற்றுநோய் இல்லை என்று ஆனது. அவர்களில் 25 பேர் ஊசி, அறுவை என்று ஏதாவது ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று பேருக்கு அதனால் பெரிய சிக்கல் வந்தது.

அன்றைக்கு 4 மில்லிமீட்டர் புள்ளியையும் கணக்கில் எடுத்தார்கள். இப்போது முதல் ஸ்கேனில் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திடமான புள்ளி என்றால், பெரும்பாலும் ‘அடுத்த வருடம் வாருங்கள்’ என்பதோடு சரி. அதனால் வீண் பயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, அந்தக் காசநோய்த் தழும்பு. சி.டி.யில் அது பளிச்சென்று தெரியும். தழும்பா, புதிதாக வளர்வதா என்பதை ஒரே படத்தை வைத்துச் சொல்வது சில சமயம் கஷ்டம். பழைய படம் கையில் இருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீரும்.

என்னிடம் வந்த ஒருவருக்கு நுரையீரலின் மேல் பகுதியில் 11 மில்லிமீட்டர் நிழல். பயாப்ஸிக்கு, அதாவது சதை எடுத்துப் பார்ப்பதற்கு, நாள் குறித்தாயிற்று. முந்தின நாள் அவர் மகன் பீரோவுக்கு மேலிருந்து, மூலை மடங்கிய பழுப்பு உறையில் இருபது வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். விளக்குப் பெட்டியில் மாட்டினேன். அதே இடத்தில் அதே நிழல், அதே வடிவம். பயாப்ஸியை ரத்து செய்தோம். உங்கள் வீட்டிலும் பீரோவுக்கு மேலே ஒருமுறை தேடிப் பாருங்கள். இனி எடுக்கும் ஸ்கேனுக்கும் ரிப்போர்ட் தாள் மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், படங்களைக் குறுவட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். இந்த வருடப் படத்தின் மதிப்பு அடுத்த வருடம்தான் தெரியும்.

ஸ்கேன் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி மல்லாந்து படுத்து, சில விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஊசி இல்லை, வெறும் வயிறு வேண்டாம். கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதன் சும்மா இருந்தே ஒரு வருடத்தில் வாங்கிக்கொள்வது சராசரியாக 2.4. அதனால் ஒரு ஸ்கேன் பெரிய விஷயமில்லை. ஆனால் இது ஒருமுறை எடுத்து ஓய்வதும் இல்லை. இந்த வருட ஸ்கேன் சுத்தம் என்றால் இந்த வருடம் சுத்தம், அவ்வளவுதான். வருடா வருடம் போகத் தயாரில்லை என்றால், ஒரே ஒரு ஸ்கேனால் கிடைப்பது கொஞ்ச நாள் நிம்மதி.

இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது கண்டுபிடித்தால், நுரையீரலில் ஒரு பகுதியை எடுக்கும் அறுவைக்கோ கதிர்வீச்சு சிகிச்சைக்கோ போக மனமும் உடம்பும் தயாரா? இல்லை என்றால் ஸ்கேன் வேண்டாம். அப்படி மறுப்பதும் உங்கள் உரிமைதான். மகளோ டாக்டரோ கட்டாயப்படுத்த முடியாது.

ஊசி பட்டால் பரவுமா?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில், வயிற்றையோ மார்பையோ திறந்து பார்த்து, முற்றிப்போயிற்று என்று அப்படியே மூடித் தைத்த கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும். அந்த நோயாளி சீக்கிரமே இறந்துபோயிருப்பார். ‘கத்தி பட்டதும் பரவிடுச்சு’ என்று பேச்சு நின்றுவிட்டது. பரவியிருந்தது கத்திக்கு முன்பே. ஊசி போன தடத்தில் புற்றணு விழுந்து வளர்வது உண்டா என்றால், உண்டு, ஆனால் மிக மிக அரிது.

நுரையீரல் பயாப்ஸியில் நான் சொல்லி எச்சரிப்பது வேறு ஒன்று. ஊசி குத்திய இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் கொஞ்சம் சுருங்கலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் குழாய் வைக்க வேண்டிவரும்.

தவிர, ஸ்கேனில் புள்ளி தெரிந்த உடனே யாரும் ஊசியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. காத்திருந்து வளர்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 5 மில்லிமீட்டர் உருண்டை 6.3 ஆனாலே அதன் கன அளவு இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கணினி அளந்து சொல்லும். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி படம் எடுக்கச் சொன்னால், ‘ஏன் தள்ளிப்போடுகிறார்கள்’ என்று பதற வேண்டாம். அந்த இடைவெளியே ஒரு பரிசோதனை.

மகளின் பேக்கேஜ்

அக்கறை நல்லது, பேக்கேஜ் வேண்டாம். நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எந்தக் கேன்சர் மார்க்கரையும் பரிந்துரைப்பதில்லை. சிஇஏ என்ற மார்க்கர், புற்றுநோயே இல்லாமல் வெறும் புகைபிடிப்பதாலேயே ஏறியிருக்கும். ஆரம்பக் கட்டப் புற்றுநோய் உள்ளவருக்கு அது நார்மலாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் ஏமாற்றுகிற சோதனைக்கு எதற்குக் கையை நீட்ட வேண்டும்?

அந்த ஒன்றிரண்டு

இந்நேரம் சுத்தமாகியிருக்காதா என்று கேட்டீர்கள். புகையை விட்ட நாளிலிருந்தே ஆபத்து இறங்க ஆரம்பிக்கிறது. தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாவதற்குப் பத்து முதல் பதினைந்து வருடம் ஆகும். புகைபிடிக்கவே பிடிக்காதவரின் அளவுக்கு முழுதாக இறங்குவதில்லை. முப்பத்து மூன்று வருடப் புகையில் செல்களின் மரபணுவில் விழுந்த காயங்களில் சில அப்படியே தங்கிவிடுகின்றன. விட்டது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு சொன்ன அமெரிக்க ஸ்கேன் ஆய்வுத் தகவல்களை மறுபடி அலசிப் பார்த்ததில், ஏழு வருடம் புகைக்காமல் இருப்பது தரும் பலன் ஏறத்தாழ ஸ்கேன் தரும் பலன் அளவுக்கே இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

வாரத்துக்கு இரண்டு என்று வைத்தால், ஆறு வருடத்துக்கு 0.1 பாக்கெட் ஆண்டு கூட வராது. கணக்கில் அது தூசு. ஆனால் நான் பயப்படுவது கணக்கைப் பார்த்து இல்லை. வீட்டில் ஒரு சாவு, வேலையில் ஒரு சண்டை வந்தால், வாரத்துக்கு இரண்டு என்பது நாளுக்கு இரண்டு என்றாகிவிடும். அங்கிருந்து பத்து ரொம்பப் பக்கம். இதயமோ இன்னும் கறார். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவரின் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. நிக்கோடின் சூயிங்கம், மாத்திரை என்று உதவிகள் இருக்கின்றன. முப்பத்து மூன்று வருடப் பழக்கத்தை விட்ட உங்களுக்கு இந்த மிச்சத்தை விடுவது பெரிய காரியமில்லை.

என்னைக் கேட்டால், குரல் சரியென்று தெரிந்த பிறகு ஒரு நுரையீரல் மருத்துவரோடு பேசிவிட்டு, வருடாந்தர ஸ்கேனைத் தொடங்குங்கள் என்பேன். இருபதைத் தாண்டிய கணக்கு, ஐம்பத்தெட்டு வயது, வேறு நோய் எதுவும் நீங்கள் சொல்லவில்லை. பலன் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறது. காசநோய்த் தழும்பு வீண் அலைச்சலைக் கூட்டலாம் என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்த ஒன்றிரண்டையும் சொல்லிவிடுங்கள். கேட்கிற நேரத்தில் மனைவி அறைக்குள் இருக்க வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம், வெளியே உட்காரச் சொல்வார்கள். என் அனுபவத்தில் மனைவிகளுக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும்.